கார் சுத்தம் செய்ய எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கார் பராமரிப்புப் பொருள்கள் அடுக்கிய அலமாரி முன்னால் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். ஷாம்பூவில் ஏழெட்டு ரகம், வேக்ஸில் ஏழெட்டு ரகம், டயருக்கு ஒன்று, ரிம்முக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று, அந்த டேஷ்போர்டில் இருக்கும் திரைக்குத் தனியாக இன்னொன்று. எல்லா பாட்டிலும் பளபளப்பைத்தான் வாக்களிக்கிறது. ஆனால் அழுக்கு ஒரே ரகம் இல்லையே. மண்ணும் தூசியும் தண்ணீருக்கு வரும். எண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்கு வரும். தார் கரைப்பானுக்குத்தான் அசையும். உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளி மெல்லிய அமிலத்துக்கு மசியும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிக்கொள்ளும் இரும்புத்தூள் இவை எதற்கும் மசியாது, அதற்குத் தனி மருந்து. எனவே உங்கள் வண்டியில் என்ன ஒட்டியிருக்கிறது, எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதிச் செலவு மிச்சம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர்கோட் என்ற நிறமற்ற அடுக்கு ஒன்று உண்டு. நாம் பார்க்கும் பளபளப்பு அதனுடையது. பெரும்பாலான வண்டிகளில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடியை விட மெல்லியது. வெயிலில் நிற்கும் கருப்பு வண்டியின் பானெட்டில் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியுமே, அவையெல்லாம் இந்த அடுக்கில் விழுந்தவை. ஓட்டும்போது விழுந்தவை அதில் கொஞ்சம்தான், கழுவித் துடைக்கும்போது நாமே போட்டவை நிறைய. அதனால் எந்தப் பொருளாக இருந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: வேலையையும் முடிக்க வேண்டும், வண்டியையும் கெடுக்கக் கூடாது.

ஷாம்பூவா, பாத்திரம் கழுவும் திரவமா?

இந்தச் சண்டை ஓயாது. பாத்திரம் கழுவும் திரவத்தால் ஒருமுறை கழுவினால் பெயிண்ட் உரிந்து விழுந்துவிடாது. அப்படிப் பயமுறுத்துவது மிகை. ஆனால் அது பிசுக்கை அடியோடு எடுப்பதற்காகச் செய்தது. வண்டி மேல் நீங்கள் போட்ட வேக்ஸும் அதன் கண்ணுக்குப் பிசுக்குதான். ஒவ்வொரு வாரமும் அதை ஊற்றிக் கழுவினால் வேக்ஸ் போட்டது வீண். போதாததற்கு, கழுவும் கையுறைக்கும் பெயிண்டுக்கும் நடுவே மண் துகள் உரசாமல் வழுக்கிப் போக ஒரு வழவழப்பு வேண்டும். கார் ஷாம்பூவில் அதற்கான சேர்மானம் இருக்கும், பாத்திரத் திரவத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பழைய வேக்ஸைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கு ஒருநாள் பயன்படுத்தலாம், சரி.

துணி துவைக்கும் பவுடரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். காரத்தன்மை அதிகம், கரையாத துகள் கீறும், இடுக்குகளில் வெள்ளையாகப் படியும். தலைக்குப் போடும் ஷாம்பூ மென்மையானதுதான், ஆனால் கண்டிஷனர் கலந்தது கண்ணாடியில் மங்கல் படலம் விட்டுவிடும்.

கார் ஷாம்பூவுக்குள்ளேயே இரண்டு ரகம்: வெறும் ஷாம்பூ, வேக்ஸ் கலந்த ஷாம்பூ. என் ஓட்டு வெறும் ஷாம்பூவுக்கு. கலந்து வரும் வேக்ஸ் கழுவி முடித்ததும் பெயிண்டில் தங்குவது சொற்பம். வண்டிக்கு செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பாதுகாப்புப் பூச்சு) போட்டிருந்தால் அந்தச் சொற்பமும் வேண்டாம். கோட்டிங்கின் மேல் படிந்து, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும் தன்மையை மங்க வைக்கும். பி.எச். நடுநிலை, அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நுரை மலை போல வந்தால் நல்ல ஷாம்பூ என்பது தப்புக் கணக்கு. கலந்த தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் நல்லது, கரகரவென்று பிடித்தால் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு கிடைக்கும்?

குழாய் எட்டும் இடத்தில் வண்டி நிற்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

தண்ணீர் தாராளமாக இருந்தால் இரண்டு பக்கெட் முறையை மிஞ்ச எதுவும் இல்லை. ஒன்றில் ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைக் கழுவியதும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கழுவி முடித்தபின் அலசிய பக்கெட்டின் அடியைப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் மண் அத்தனையும் ஒற்றை பக்கெட்டாக இருந்தால் திரும்பவும் பானெட்டில்தான் ஏறியிருக்கும். மேலிருந்து கீழாக வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி, முடிந்தால் தனி பக்கெட்.

நுரை பீச்சும் கருவி வாங்கலாமா? பிரஷர் வாஷர் ஏற்கெனவே இருந்தால் வாங்கலாம். கை தொடும் முன்பே கொஞ்சம் மண்ணை நுரை இளக்கி இறக்கிவிடும், அதுதான் அதன் பயன். சில நிமிடம் ஊறவிட்டு, காயும் முன் அலசிவிட வேண்டும். நுரை அடித்துவிட்டோமே, கையால் கழுவ வேண்டாம் என்று நினைத்தால் மெல்லிய சாம்பல் படலம் அப்படியே இருக்கும். இதற்காகவே பிரஷர் வாஷர் வாங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை: அந்தப் பணத்தில் நல்ல துணிகள் வாங்குங்கள்.

தண்ணீர் குறைவாகக் கிடைக்கிறவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது அலசத் தேவையில்லாத கழுவல், ரின்ஸ்லெஸ் என்று விற்கிறார்கள். சிலவற்றில் 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்தால் போதும், ஒரு பக்கெட்டில் முழு வண்டியும் முடிந்துவிடும். அதிலுள்ள பாலிமர் அழுக்கைச் சுற்றிக்கொண்டு பெயிண்டிலிருந்து விலக்கி வைக்கும். துடைத்துக்கொண்டே போய் உலர்த்திவிடலாம். இரண்டாவது தண்ணீரே தேவைப்படாத ஸ்பிரே. அடி, துடை, முடிந்தது. இரண்டில் ரின்ஸ்லெஸ் எவ்வளவோ மேல். ஸ்பிரே ரகம் நேற்றுக் கழுவிய வண்டியில் இன்று படிந்த தூசிக்குச் சரி. மழைச் சேறு காய்ந்த வண்டியில் அதை அடித்துத் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்று. சேறு இருந்தால் ரின்ஸ்லெஸ்ஸுக்கும் முன்னால் கொஞ்சமாவது தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கியாக வேண்டும்.

துணிதான் முதல் முதலீடு

ஷாம்பூவில் சுமாரானது வாங்கினால்கூட பெரிய நஷ்டம் இல்லை. துணியில் சுமாரானது வாங்கினால் நஷ்டம் பெயிண்டில் தெரியும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை உயர்ந்த ஷாம்பூ வாங்கிவிட்டு, பழைய துண்டாலோ கிழிந்த டி-ஷர்ட்டாலோ துடைக்கிறார்கள். பருத்தி மென்மையானதுதான். ஆனால் மண் துகளை உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு இடம் இல்லை, மேலேயே பிடித்துக்கொண்டு இழுக்கும். டி-ஷர்ட்டின் தையல் மடிப்பு ஒன்று போதும், நீளமாக ஒரு கோடு போட.

ஸ்பாஞ்சுக்கும் இதே குறை. அதன் முகம் தட்டையானது. இடையில் மாட்டிய மணலுக்குப் போக்கிடம் இல்லை. கையுறை போல மாட்டிக்கொள்ளும் வாஷ் மிட்டில் நீண்ட இழைகள் உண்டு, துகள் அவற்றுக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். மிட்டில் மைக்ரோஃபைபர் என்ற நுண்ணிய செயற்கை இழையும் வருகிறது, ஆட்டு ரோமமும் வருகிறது. ரோமம் இன்னும் மென்மை, ஆனால் சீக்கிரம் தேயும், காயவைக்கப் பொறுமை வேண்டும். பெரும்பாலானோருக்கு மைக்ரோஃபைபர் போதும்.

உலர்த்தும் துணியில் இரண்டு முகாம். ஷாமி என்ற பதப்படுத்திய மென் தோலும் அதன் செயற்கை வடிவமும் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் வழுவழு முகம், பெயிண்டை ஒட்டிப் பிடித்து இழுக்கும். கழுவும்போது விட்டுப்போன மண் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும். அதனால் நான் தடித்த மைக்ரோஃபைபர் துண்டின் பக்கம். ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை அது. உலர்த்த 500-க்கு மேல், உள்பக்கம் துடைக்க 300-ஐ ஒட்டி இருந்தால் போதும். எண்ணை மட்டும் நம்பாமல், துணியைப் புறங்கையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரத் தையல் சுருக்கென்று உறுத்தினால் அது பெயிண்டுக்கு ஆகாது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வாங்கிய அன்றே பிரித்தெடுத்துவிடுங்கள்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் கூடாது, இழைகளைப் பூசி மெழுகிவிடும், அப்புறம் அது தண்ணீரை உறிஞ்சாது. பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட்டால் பஞ்செல்லாம் இதில் ஒட்டும். கொதிக்கும் சூட்டிலும் காட்டக் கூடாது. தரையில் விழுந்த துணி அந்த நிமிடமே ரிம் துடைக்கும் பதவிக்கு இறங்கிவிட வேண்டும், உதறிவிட்டு பானெட்டில் போடுகிற வேலை வேண்டாம்.

வறண்ட தூசியைத் தட்டும் நீள இழை பிரஷ் பற்றிக் கேட்பார்கள். மூடிய இடத்தில் நிற்கும் வண்டியில் மெல்லிய தூசிக்கு, அழுத்தாமல், பரவாயில்லை. தெருவில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம்.

ஷாம்பூவுக்கு அசையாதவை

பறவை எச்சம் அமிலத்தன்மை உள்ளது. வெயிலில் அது காயக் காய கிளியர்கோட்டைத் தின்று தடம் பதித்துவிடும். இதற்குத் தனி பாட்டில் தேவையில்லை. நனைத்த துணியை மேலே சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் வந்துவிடும். இங்கே பொருளை விட வேகம் முக்கியம்.

தாருக்குப் பலரும் மண்ணெண்ணெய் போடுகிறார்கள். தார் கரையும், உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் படலம் விடும், ரப்பரை உப்பவைக்கும், தீப்பிடிக்கும் பொருள் வேறு. தார் ரிமூவர் சீக்கிரம் ஆவியாகும், துடைத்த இடம் சுத்தமாக இருக்கும். இரண்டில் எதைப் போட்டாலும் அந்த இடத்து வேக்ஸ் போய்விடும். ஷாம்பூவால் கழுவி மறுபடி வேக்ஸ் போட வேண்டும்.

இரும்புத்தூள் மருந்து பார்க்கவே வேடிக்கையானது. நிறமில்லாமல் அடிப்பீர்கள், ஓரிரு நிமிடத்தில் ரிம் முழுக்க ஊதா நிறத்தில் ரத்தம் வடிவது போல ஓடும். அதிலுள்ள தையோகிளைக்கோலேட் என்ற உப்பு இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. முடியைச் சுருட்டும் கரைசல்களில் இருக்கும் அதே குடும்பத்துச் சரக்கு என்பதால் அழுகிய முட்டை வாடை வரும், திறந்த வெளியில் கையுறை போட்டுக்கொண்டு அடியுங்கள். காயும் முன் அலசியாக வேண்டும். வெள்ளை வண்டியில் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் இது வேண்டும். இல்லையென்றால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

இதன் பிறகும் பெயிண்ட் சொரசொரவென்று இருக்கிறதா? கழுவிய பானெட்டில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத பொடி முள்கள் பை வழியாகத் துல்லியமாகத் தெரியும். அதற்கு கிளே, ஒட்டியதைப் பிடித்து இழுத்தெடுக்கும் பிசுபிசுப்பான பொருள். நிறைய வழுக்குத் திரவம் அடித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். களிமண் கட்டி போன்ற பார் கீழே விழுந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கிளே பூசிய கையுறையோ துணியோ விழுந்தால் அலசிக்கொள்ளலாம், வேலையும் சீக்கிரம் முடியும். எதுவாக இருந்தாலும் லேசான உரசல் தடம் விடக்கூடும், அதனால் மாதாமாதம் செய்கிற காரியம் அல்ல.

உப்புப் புள்ளிகளுக்கு முதலில் தண்ணீர் கலந்த வினிகர். நீர்த்ததாகப் போட்டு, சற்றுப் பொறுத்து, அலசிவிட வேண்டும். அதற்கு மசியாதவற்றுக்குத் தனி ரிமூவர். அதற்கும் மசியவில்லை என்றால் புள்ளி பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது, பாலிஷ்தான் வழி. அந்த நிலை வராமல் இருக்க, நிழலில், பானெட் ஆறிய பிறகு கழுவுங்கள்.

வேக்ஸ், சீலன்ட், செராமிக்

முதலில் பாலிஷைப் பிரித்து வைத்துவிடுவோம். பாலிஷ் என்பது நுண்ணிய தேய்ப்பான். கீறலைச் சுற்றியுள்ள கிளியர்கோட்டைச் சமமாகத் தேய்த்து எடுத்துக் கீறலை மறைக்கும், அதாவது ஒவ்வொரு முறையும் அடுக்கு கொஞ்சம் குறையும். வேக்ஸ் மேலே ஒரு பூச்சைச் சேர்க்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாதம் ஒரு முறை பாலிஷ் போடுகிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே கிளியர்கோட்டைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். டப்பாவில் கிளீனர் வேக்ஸ் என்று போட்டிருந்தால் அதிலும் தேய்ப்பான் இருக்க வாய்ப்பு உண்டு. பளபளக்காத மேட் பெயிண்ட் வண்டிக்கு இவை இரண்டுமே கூடாது.

கார்னோபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது. ஆழமான, கதகதப்பான பளபளப்பு. அடர் நிற வண்டிக்கு அழகு. ஆனால் ஒன்றிரண்டு மாதம்தான் நிற்கும், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் குறையும். வேக்ஸுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பூச்சான சீலன்ட் நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்கும், பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். செராமிக் ஸ்பிரே இவற்றின் நடுவே வந்து இடம் பிடித்துவிட்டது: அடித்துத் துடைத்தால் போதும், சில மாதம் நிற்கும், மழைத்தண்ணீர் ஓடுகிற ஓட்டம் பார்க்க நன்றாக இருக்கும். சோம்பேறிகளுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். துடைக்கும்போது விட்டுவிட்டால் மட்டும் திட்டுத்திட்டாகக் காயும், ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்று போக வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் நிற்கும் செராமிக் கோட்டிங் வேறு விவகாரம். போடும் முன் பெயிண்டைப் பாலிஷ் செய்து கீறல்களை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறலுக்கும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பு. கோட்டிங் போட்டால் கழுவவே வேண்டாம், கல்லடி படாது, கீறவே கீறாது என்று சொல்லி விற்கிறார்கள். கழுவுவது சுலபமாகும், அவ்வளவுதான். கல்லடிக்கு அது நிற்காது. வண்டியை நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர், முறையாகக் கழுவும் பழக்கம் உள்ளவர் போடலாம். தானியங்கி பிரஷ்ஷில் விட்டுக் கழுவுகிறவருக்கு அது வீண் செலவு.

சக்கரம், டயர்

ரிம்மில் அமில கிளீனர் மின்னல் வேகத்தில் வேலை செய்யும். பூச்சு இல்லாத அலுமினியத்தையும் அதே வேகத்தில் கெடுக்கும். வாராவாரம் கழுவுகிறவருக்கு கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பல நாள் கழுவாமல் விட்ட ரிம்முக்கு மேலே சொன்ன இரும்புத்தூள் மருந்து. ஓட்டி வந்த சூட்டோடு எதையும் அடிக்காதீர்கள்.

டயர் பளபளப்பில் ஜெல்லும் கரைப்பான் ரகமும் ஈரம் சொட்டுவது போல மின்னும், வண்டி ஓடும்போது கதவெல்லாம் தெறிக்கும். தண்ணீர் அடிப்படையிலான ரகம் புது டயர் போல மங்கலான கருப்பு தரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சாலையைத் தொடும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் எந்த ரகமும் படக் கூடாது.

உள்ளே

உள்ளே முதல் பொருள் வேக்குவம் கிளீனர், இரண்டாவது ஒரு மென் பிரஷ். மண்ணை எடுக்காமல் திரவம் அடித்தால் சேறுதான் கிடைக்கும்.

டேஷ்போர்டுக்கு சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் கண்ணைப் பறிக்கும். கண்ணைப் பறிப்பதுதான் பிரச்சினையே: எதிர் வெயிலில் டேஷ்போர்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழும், தூசி வேறு ஒட்டும். புற ஊதாப் பாதுகாப்பு உள்ள, பளபளக்காத, தண்ணீர் அடிப்படையிலான ரகத்தை எடுங்கள். அழுக்கு ஏறியிருந்தால் முதலில் ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து துணியில் அடித்துத் துடைக்கலாம். துணியில் என்றால் துணியில்; பொத்தான்கள் மேல் நேரடியாக அடித்தால் திரவம் உள்ளே இறங்கும். திரைக்குத் தனி பாட்டில் தேவையில்லை, லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் போதும். ஸ்டீயரிங், கியர் குமிழ் இவற்றின் மினுமினுப்பு தோலின் பளபளப்பு இல்லை, கைப் பிசுக்கு. சுத்தமான ஸ்டீயரிங் மங்கலாகத்தான் இருக்கும்.

தோல் சீட்டுக்கு எண்ணெய் ஊட்டச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். இப்போதைய கார்த் தோல்களில் பெரும்பாலானவை மேலே பாலியூரிதேன் பூச்சு போட்டவை. எண்ணெய் உள்ளே போகாது, மேலே வழுக்கிக்கொண்டு நிற்கும். செயற்கைத் தோலுக்கோ சுத்தமாகத் தேவையில்லை. மென்மையான தோல் கிளீனர் ஒன்று, மென் பிரஷ் ஒன்று போதும். துளையிட்ட சீட்டில் நேரடியாக ஸ்பிரே வேண்டாம். ரப்பர் போல அழிக்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு கறையை எடுப்பது உரசித்தான், பூச்சையும் சேர்த்து உரசும்.

துணி சீட்டுக்கு நுரை கிளீனர் நல்ல தேர்வு, ஏனென்றால் ஈரம் குறைவு. பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் மேல் துணி சுத்தமாகும், அடி ஃபோம் நாள்கணக்கில் ஈரமாக இருந்து பூஞ்சை வாடை வரும். தேய்த்து, உறிஞ்சி எடுத்து, கதவைத் திறந்து காயவையுங்கள். சீட் பெல்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் மட்டும். ப்ளீச் இழையைப் பலவீனமாக்கும், உயிர் காக்கும் பட்டையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உள்கண்ணாடியில் படியும் மங்கலான படலம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாகங்கள் சூட்டில் விடும் ஆவி. கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா இல்லாத கிளீனராகப் பார்த்து வாங்குங்கள்; அமோனியா ஃபிலிமைக் கெடுக்கும். இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் துடைத்து, காய்ந்த இன்னொன்றால் முடிக்க வேண்டும். உள்ளே குறுக்காகவும் வெளியே நெடுக்காகவும் துடைத்தால், கோடு தெரியும்போது அது எந்தப் பக்கத்துக் கோடு என்று உடனே தெரிந்துவிடும்.

வாடைக்கு வாசனைப் பொருள் வாங்குவதுதான் எல்லாரும் செய்வது. அது வாடையின் மேல் இன்னொரு வாடை. பால் கொட்டியது, வாந்தி, செல்லப்பிராணியின் சிறுநீர் போன்றவற்றுக்கு என்சைம் கிளீனர்தான் வேலை செய்யும். காரணமான பொருளையே சிதைத்துவிடும், ஆனால் ஊற நேரம் கொடுக்க வேண்டும். ஏசி போட்டதும் முதல் நிமிடத்தில் மட்டும் ஈரச் சாக்கு வாடை வந்தால் சீட்டைத் தேய்த்துப் பயனில்லை. குளிர்விக்கும் சுருளின் ஈரத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருக்கும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள், அதற்கும் போகாவிட்டால் அந்தச் சுருளுக்கென்றே வரும் நுரை கிளீனர். ஓசோன் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். ஃபில்டர் மாற்றியும், சுருளைக் கழுவியும், தரை விரிப்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தும் வாடை போகாத வண்டியை, அந்த வேலை தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.